மணல் நிறத்தின் மேல் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

ஒரு கல்யாண கேக், இரண்டு பிறந்தநாள் கேக். சர்க்கரை ரோஜாக்களுக்கு, காற்றழுத்தத்தில் நிறத்தைத் தூவுகிற ஏர்பிரஷ்ஷால் இளஞ்சிவப்பு அடித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் போன். மனைவி இறந்துபோனதிலிருந்து அவனாக அழைப்பதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"அக்கா, உன் கேக் மெஷின்ல பொம்மை விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்க முடியுமா?"

"என்ன விமானம்டா?"

"ஒரு பழைய சண்டை விமானம். பாகங்களை எல்லாம் கிளிப்பு, ரப்பர் பேண்டுன்னு போட்டு எப்படியோ ஒட்டிட்டேன். பெயிண்ட்தான் அடிக்க முடியல. கை ஆடுது."

அந்த நடுக்கத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்தது இன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

அவன் வீட்டுக்குப் போனேன். பகலிலேயே ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிறது. செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து விமானத்தைக் கையில் கொடுத்து, "அடிச்சு அனுப்பிடு" என்றான். ஏதோ தையல் கடையில் துணி கொடுப்பதுபோல.

"நீ வந்து பக்கத்துல உக்காந்தா அடிப்பேன். இல்லேன்னா பெட்டியை நீயே வச்சுக்கோ."

"வெளிய வர்றதில்லக்கா. எல்லாரும் கையையே பாக்குறாங்க."

கம்பெனியில் இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டவன். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு இழுப்பான். அந்தக் கையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டான்! கூடவே ஒரு பை நிறையப் பெயிண்ட் புட்டிகள். இவர் கதவைத் திறந்து, "மச்சான், ரன்வே காலியா இருக்கு, இறங்கலாம்" என்றார். தம்பி சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தப் பல்லைப் பார்த்து.

கேக்குக்கு இனிமேல் தொடாத பழைய ஏர்பிரஷ்ஷை எடுத்தேன். வயிற்றுப் பக்கம் வெளிர்நீலம், மேலே மணல் நிறம். கேக்கைப் போலத்தான்: மெல்லிசாக ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை. மணல் நிறம் இறக்கையில் படிந்தபோது சின்ன வயதில் நாங்கள் உட்கார்ந்து விமானம் செய்த, பழைய வீட்டு மாடிப்படியின் அடிப்பாகம் ஞாபகம் வந்தது. அப்போது ஏர்பிரஷ் ஏது? வாயால் ஊதுகிற இரட்டைக் குழல்தான். அவன் விமானத்தைப் பிடித்துத் திருப்புவான், நான் தலை சுற்றும்வரை ஊதுவேன். ஒருநாள் உதடெல்லாம் பச்சையாகப் போய் நின்றதும் அம்மா, நான் விஷம் குடித்துவிட்டேன் என்று அலறி, வாயில் தண்ணீரை ஊற்றி, விஷயம் தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அடி எனக்கும்தான் விழுந்துச்சு" என்றான் தம்பி.

"உனக்கு எதுக்கு?"

"சிரிச்சதுக்கு."

மார்ச் 10

அந்த விமானங்களெல்லாம் எங்கே போயின? வீடு மாறியபோது யார் தூக்கிப் போட்டது? மின்விசிறி அடித்து வாலறுந்த அந்த ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று எல்லாம் கெட்டது.

மணலின் மேல் பச்சைத் திட்டுகள். முதலில் பெயிண்டை நீர்க்க விட்டுவிட்டேன். சிலந்திக் கால்களாக ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். என் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது: ஒரே அளவு, ஒரே இடைவெளி. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"தலகாணி உறைக்குப் பூப்போட்ட மாதிரி இருக்கு. இது கேக் இல்லக்கா!"

காலையிலிருந்து நின்று கால் கடுக்கிறது, எனக்கும் கோபம் வராதா? "அப்ப நீயே அடி!" என்றேன்.

சொன்ன பிறகுதான் — ஐயோ. அவன் தன் கையைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வேற வார்த்தையே கெடைக்கலையா எனக்கு?

மார்ச் 18

போனை எடுக்கவில்லை. இவர் போனையும்.

மார்ச் 23, ஞாயிறு

பச்சையைத் துடைத்தெடுத்து மறுபடி மணல் நிறம் அடித்து வைத்திருந்தேன். வருவான் என்று நினைத்து அல்ல. வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

வாசலில் நின்றான். பஸ்ஸில் வந்திருக்கிறான், தனியாக. உட்காரவில்லை. "நீயே அடின்னியே. குடு" என்று கையை நீட்டினான். கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்திலேயே விசையை அழுத்தினான்.

கை ஆடியது. பச்சை, புழு நெளிவதுபோல வளைந்து, ஓரம் கலங்கி, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் தேய்ந்து போனது. அவன் கொண்டுவந்திருந்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தேன். பாலைவனத்தில் மெக்கானிக்குகள் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்த நிஜ விமானம். அதுவும் இப்படித்தான் நெளிந்து கிடந்தது.

"நிறுத்தட்டுமாக்கா?"

"நிறுத்துனே, அடி வாங்குவே."

நான் விமானத்தைப் பிடித்துத் திருப்பினேன். அவன் அடித்தான். இடது இறக்கையில் ஒரு சொட்டு விழுந்து பச்சை தேங்கிவிட்டது. துடைக்கப் போனேன், "இருக்கட்டும்" என்றான். நடுவில் ஒருமுறை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். தின்னர் வாடையாம். அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 30

வார்னிஷ் அடித்தாயிற்று. தன் வீட்டுக்கே எடுத்துப் போனான்.

மே 11, ஞாயிறு

பத்து மணிவரை தம்பியை எதிர்பார்த்தேன். அடுத்த விமானத்தின் இறக்கை என் மேஜையில் காய்கிறது, ஆளைக் காணோம். போன் செய்தால் பின்னால் ஒரே கூச்சல்.

"பொம்மை விமானக் கண்காட்சிக்கு வந்திருக்கேன்க்கா. நம்ம விமானத்தையும் வச்சிருக்காங்க. இங்க ரெண்டு பேரு எனக்குப் பழக்கமாயிட்டாங்க. இந்தப் பச்சையை எப்படி அடிச்சேன்னு கேக்குறாங்க. நெளிவு யாருக்கும் வரலையாம்."

"என்ன சொன்னே?"

"கையைக் காட்டினேன்."

அதற்குள் யாரோ கூப்பிட, "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான். முன்னாடியே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்காக இன்று கடைக்கு விடுமுறை விட்டிருந்தேன்.

"எங்கே உன் தம்பி?" என்றார் இவர்.

"ஊர் சுத்தப் போயிருக்கான்" என்றேன். குரல் அப்படியே அம்மாவுடையது. சாயங்காலம் விளையாடப் போனவன் வீடு திரும்பாதபோது, வாசலைப் பார்த்து அவள் அலுத்துக்கொள்கிற குரல்.