வாசலில் கேட்க வந்தவர்கள்

ஐயா,

பழைய வேனை விற்றுவிட்டோம். பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் நாளைக்கு வந்து எடுத்துப் போகிறார். கூட்டித் துடைத்துக் கொடுக்கலாம் என்று இன்று காலை முன்கதவைத் திறந்தேன். உங்கள் தைல வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. சீட்டுத் துணி இன்னும் அதை விடவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பனியில் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, நேற்று நடந்ததுபோல.

நம் நோயாளிகள் உதவிச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். தொண்டு, தியாகம், வழிகாட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

உங்களை நல்லவர் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. வேன் வருவதற்கு முன் ஐந்தாறு வருஷம் உங்கள் சொந்தக் காரில்தான் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப் போனீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் அந்த மலைப்பாதை. யாராவது வாந்தி எடுத்தால் ஓரமாக நிறுத்தி, நீங்களே தண்ணீர் ஊற்றிக் கழுவுவீர்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் தொழிலாளர் லயத்து ஆட்களின் வாந்தியைக் கழுவுகிறார் என்பது அப்போது பெரிய பேச்சு. தேயிலைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த என் அப்பாவும் அந்தக் காரில் போனவர்தான். நீங்கள் இல்லையென்றால் கடைசி நாலு வருஷம் அவர் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களையும் நான் மறக்கவில்லை. அடுத்த வாரம் காரில் யாருக்கு இடம் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வாரமும் ரிங்லெட்டில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்க வேண்டும். அதற்கென்றே அப்பா ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். கால் வீங்கிச் செருப்பு ஏறாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஒருமுறை நானும் கூட வந்தேன். நீங்கள் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் வந்தது உங்களுக்குத் தெரியும். அரை மணி கழித்து நிமிர்ந்து, திங்கட்கிழமை வரச் சொன்னீர்கள். இடம் இல்லை என்று நீங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. பிறகு எதற்கு அந்த அரை மணி நேரம் என்று திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன். பெரிய மனுஷங்க அப்படித்தான் இருப்பாங்க என்றார். அவருக்கு அதில் குறையே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா போன பிறகு சங்கத்தில் சேர்ந்தேன். அரசாங்கக் கிளினிக்கில் எழுத்து வேலை பார்ப்பவள் என்பதால் என்னைச் செயலாளராக்கினீர்கள். ஒன்பது வருஷம் உங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெளியாட்கள் வந்தால், "நம்ம கொழுந்தெடுக்கற அஞ்சல மவ, எழுத வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தேத்தண்ணி எடுத்து வரச் சொல்வீர்கள். அம்மா கொழுந்தெடுத்ததில் எனக்கு வெட்கம் இல்லை. நீங்கள் அதைச் சொன்ன விதத்தில்தான் வெட்கம் இருந்தது.

நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். டவுனில் இருந்த டயாலிசிஸ் மையம் காலையும் மதியமுமாக இரண்டு நேரம் நடத்தத் தொடங்கியது. சங்கத்துக்கு வேன் வந்த பிறகும் ஒரு நடை போதவில்லை. பின் வரிசைகளில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். முன் சீட்டு மட்டும் உங்களுக்கு. நீங்கள் வராத நாளிலும் அதில் உங்கள் பைதான் இருந்தது. நான் ஒரு பட்டியல் போட்டேன். இரண்டு நடை, யார் எந்த நாள், எந்த முக்கில் எத்தனை மணிக்கு, தலை சுற்றுகிறவருக்கு முன் சீட்டு. அதைச் சுவரில் ஒட்டிவிட்டால் யாரும் யார் வீட்டுக்கும் வரத் தேவையில்லை என்றேன்.

நீங்கள் அதைப் படிக்காமலே மேசைமேல் திருப்பி வைத்தீர்கள்.

"இது என்னா பஸ் ஸ்டேஷனா? மனுசன் மொகத்தப் பாத்துத்தாம்மா செய்யணும். பேப்பரப் பாத்து செய்ய முடியாதுலா."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. செயற்குழுவில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். முகம் பார்க்க அவர்கள்தான் உங்களிடம் வந்தார்கள், நீங்கள் யார் லயத்துக்கும் போனதில்லை என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை தேர்தல்வரை போயிருக்காது.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு உங்களை எதிர்த்து நின்றேன். கைகளை எண்ணியபோது என் பக்கம் ஏழு கூட. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மண்டபத்தைவிட்டு வெளியேறினீர்கள். அது ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு டிரைவர் மணி எனக்குப் போன் செய்தார். வேன் உங்கள் வீட்டில் நிற்கிறது, சாவி உள்ளே இருக்கிறது, ஐயா பூஜையில் இருக்கிறார் என்று உங்கள் வீட்டு அம்மா சொல்கிறார். ஆறு மணிக்கும் பூஜை. ஏழு மணிக்கும் பூஜை. பக்கத்தில் இருந்தவர்களை நான் என் காரில் இரண்டு நடையாகக் கொண்டுபோய்விட்டேன். கடைசியில் மிஞ்சியவர், தூரத்தில் கோலா தெர்லாவில் இருந்த முனியம்மா அக்கா. அவருக்குப் போன் கிடையாது. முக்கில் ஒரு கல்மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோஸ் ஏற்றிப் போன ஒரு லாரிக்காரர் பாவப்பட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். அதற்குள் அவருடைய டயாலிசிஸ் நேரம் போய்விட்டது. மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் தண்ணீர்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு, போன வருஷம் இறக்கும்வரை, வேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே முக்கில் வந்து உட்கார்ந்திருப்பார். மழையிலும் குடையோடு இருப்பார். அக்கா, வேன் கண்டிப்பாக வரும் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். தெரியும்மா என்பார். அடுத்த முறையும் முன்னதாகவே வருவார்.

சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று நீங்கள் சொன்னது ஒரு வரி.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

ஐயா, அந்த வரிக்காக உங்களை நான் மன்னிக்கவில்லை.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது பார்க்க வந்தேன். பெருந்தன்மை என்று ஊரில் சொன்னார்கள். உங்கள் வீட்டு அம்மா தேத்தண்ணி கொடுத்தார். உங்களுக்குப் பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. சங்கம் ஓடுகிறதா என்றீர்கள். ஓடுகிறது என்றேன்.

"நான் இல்லாம ஓடுதுன்னு காட்ட வந்தியா?"

"ஆமாங்கய்யா. அதுக்குத்தான் வந்தேன்."

முன் சீட்டில் இப்போது யார் என்று கேட்டீர்கள். யாருக்குத் தலை சுற்றுகிறதோ அவர்கள் என்றேன். ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் கையைக் காட்டினீர்கள். நான் தேத்தண்ணியை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். சாவுக்கு வந்தவர்களை ஏற்றிவரச் சங்கத்து வேன் மூன்று நடை போனது. ஏற்பாடு செய்தது நான்தான். அழாமல் கடைசி வரிசையில் நின்றதும் நான்தான்.

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு பெரியவர் சங்கத்து அறைக்கு வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கப் போகிறதாம். சுவரில் பட்டியல் இருக்கிறது, பதிவதற்குப் போன் எண்ணும் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. கையில் ஒரு கட்டுக் கீரையோடு என்முன் வந்து நின்றார். நான் போனில் இருந்தேன். முக்கியமான பேச்சு ஒன்றுமில்லை, உடனே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தது எனக்கு நன்றாக இருந்தது. குளிரில் அடுப்புப் பக்கம் நிற்பதுபோல உடம்புக்கே இதமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போனை வைத்தபோது என் காது சூடாகியிருந்தது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குக் காரில் போனேன். வியாழக்கிழமை முதல் இடம் உண்டு என்று சொன்னேன். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்றார். திரும்பி வரும்போது காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். நான் சிரித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. தேடிப் போய்ச் சொன்னதிலும் அதே சுகம்தான் இருந்தது, ஐயா.

நேற்றுச் செயற்குழுவில் பேசி முடித்துவிட்டேன். இனிமேல் யாருக்கு எந்த இடம் என்பதை மூன்று பேர் சேர்ந்து பார்ப்பார்கள். அந்த மூவரில் நான் இல்லை. தலைவர் பதவியும் அடுத்த தேர்தலோடு சரி. இனி யாரும் எதுவும் கேட்டு என்னிடம் வர மாட்டார்கள். இது இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று மண்டபத்தைவிட்டு வெளியேறியபோது உங்களுக்கும் இந்த வலிதான் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் உங்கள்மேல் கோபம் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.