திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மார்ச் 3
காலை முழுக்கக் கணினியில் சோதனை எண்களை ஏற்றினேன். முழங்கால் வலிக்காரர்கள் அறுபது பேர். பாதிப் பேருக்கு வலி குறைக்க எங்கள் கம்பெனியின் புது மிஷின், பாதிப் பேருக்குக் கையால் பழைய பயிற்சி. பயிற்சிக் கூடத்தில் இரு குழுவுக்கும் நடுவே ஒரு திரை. ஆறு வாரத்தில் பத்துக்கு எத்தனை புள்ளி வலி குறைந்தது? பிசியோ அக்கா கேட்டுக் குறித்திருக்கிறார். மிஷின் தேறினால் என் வேலை நீளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

மார்ச் 5
இரண்டு குழுவின் சராசரியையும் ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டேன். மிஷின் குழுவின் சராசரி 2.4, மற்றது 2.1. குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருக்கிற சிதறலைப் பார்த்தால் இந்த 0.3 வெறும் தூசு. பி மதிப்பு 0.52. மிஷின் பழைய பயிற்சியைவிட மேலாக இல்லாவிட்டாலும், இந்த அளவாவது வித்தியாசம் பாதிக்குப் பாதி தானாகவே வரும். இரண்டு வருஷ உழைப்பு.

மார்ச் 6
திரும்பப் போட்டேன். அதேதான். கெஞ்சினால் இறங்கிவர எண் என்ன மனுஷனா?

மார்ச் 9
மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு இடித்தது. முப்பது பேருக்கு இவ்வளவு ஓடியிருக்காது. அக்காவிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை.

"மத்தியானம் சும்மாதானே தம்பி கிடந்துச்சு. அந்தப் பக்கம் வலியில துடிக்கிறாங்க. திரையைத் தள்ளிட்டு ஏத்தி விட்டுட்டேன்."

"எத்தனை பேரைக்கா?"

"கேட்டவங்க எல்லாரையும். தப்பா?"

"ஒரே குளத்துத் தண்ணியை ரெண்டு குடத்துல மொண்டு, எது ருசின்னு கேட்ட மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்கு? அவங்களுக்கு வலி குறைஞ்சுதே."

ஏறியவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11
மேலாளருக்கு வழி உடனே கிடைத்துவிட்டது. "ஏறினவங்களை மிஷின் கணக்குல சேர்த்துடுப்பா. முடிஞ்சுது."

சேர்த்துப் பார்த்தேன். பி மதிப்பு 0.02; 0.05-க்குக் கீழே வந்தாலே மிஷின் தேறிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டு ஏறியவர்கள் வலி அதிகம் இருந்தவர்கள். உச்சியில் நிற்பவனுக்குத்தானே இறங்க இடம் அதிகம்? குறைத்தது மிஷினா, அந்த உச்சியா — யார் சொல்வது?

"இது செல்லாதுங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா இது செல்லாது."

மார்ச் 12
அறிக்கையில் எழுதிவிட்டேன்: குழுக்கள் கலந்துவிட்டன, மிஷின் நல்லதா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எழுதிய கையோடு மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

மார்ச் 31
சாவியைக் கொடுத்தாயிற்று. வேலை இன்றோடு சரி.

ஏப்ரல் 6
அப்பாவுக்கு முழங்கால் மோசம். அந்தக் கூடத்துக்கே கூட்டிப்போனேன். திரை இன்னும் தொங்குகிறது.

"தம்பி, அப்பாவை எந்தப் பக்கம் உட்கார வைக்க?" அக்காவுக்குக் குசும்பு.

"உங்க இஷ்டம்க்கா."

மிஷினில்தான் ஏற்றினார். திரும்பும்போது படிக்கட்டில் அப்பா நின்று மூச்சு வாங்கினார்.

"இப்ப வலி பத்துக்கு எவ்வளவுப்பா?"

"ஏழு."

"ஏறுறதுக்கு முன்னாடி?"

"அப்பவும் ஏழுதான். இறங்கினப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் நாலுன்னு சொல்லிட்டேன். பாவம், எவ்வளவு அக்கறையாப் பண்ணுது."

அறுபது பேரும் வலிக் கணக்கை அக்காவிடம்தான் சொன்னார்கள்.

அப்பாவின் முழங்கையைப் பிடித்து அடுத்த படிக்கு இறக்கினேன்.