பேச்சியம்மன் பீடத்துக்கு அடியில் இருக்கும் வால்வும், ஃபிட்டர் வீரணன் வேலையும்

அனுப்புநர்:
ஆவுடையம்மாள், க/பெ சங்கரலிங்கம்,
வேப்பமரத் தெரு, மேலச்சோலைக்குளம்,
ராஜபாளையம் வழி.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், மேலச்சோலைக்குளம்.

பொருள்: தண்ணிக் குழாய் ஃபிட்டர் வீரணனை சஸ்பெண்டு பண்ணினது தப்பு என்பது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போன மாசம் எங்க தெரு முக்குல பெரிய குழாய் உடைஞ்சுச்சு. மதுரை இஞ்சினியர் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஊர்க் குழாய்ப் படத்தைத் தட்டிப் பாத்து, மூணு வால்வை மூடினா அந்தத் தெருவுக்கு மட்டும் தண்ணி நிக்கும், மத்த ஊருக்குத் தண்ணி போகும்னாரு. ரெண்டு வால்வு இருந்துச்சு. மூணாவது கைக்கு அகப்படலைன்னு வீரணன் சொன்னான். அதனால டேங்கையே அடைச்சு, ஊருக்கே நாலு நாள் தண்ணி இல்ல. படத்துல இருக்கிற வால்வை மறைச்சான்னு அவனை வீட்டுக்கு அனுப்பிட்டீக.

2. ஐயா, மறைச்சது நான். கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். வால்வு எங்க பேச்சியம்மன் பீடத்துக்கு அடியில இருக்கு.

3. ஆறு வருசத்துக்கு முன்னால, ஊரே காஞ்சு கெடந்த சித்திரையில, எங்க தெரு வேப்பமரத்தடி மட்டும் ஈரமா இருந்துச்சு. அம்மா வந்துட்டான்னு குலவை போட்டு, நாங்களே சிமிண்டு குழைச்சுப் பீடம் கட்டினோம். வீரணன் ஓடி வந்து, "அத்தை, அது வால்வு கசியுது"ன்னான். "ஏலே, வாயைக் கழுவுலே! சாமியப் போயி வால்வுங்கியே"ன்னு வைதேன். வெளிய சொல்ல மாட்டேன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் வாங்கினதும் நான்தான். அவன் எனக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல. சாமிக்குப் பயந்து வாயைத் தொறக்கல. வேலை போயும் தொறக்கல.

4. உங்களையும் ஒண்ணு கேக்கேன். வால்வு இருக்கிற எடத்துல வட்டம் போட்ட இஞ்சினியர், அந்த வட்டத்து மேல என்ன இருக்குன்னு ஒரு எட்டு வந்து பாத்தாரா? நீங்க வந்தீகளா? வந்திருந்தா மஞ்சளும் குங்குமமும் கண்ணுல பட்டிருக்குமே. கம்ப்யூட்டர் வரும் முன்னே எந்த வால்வு மூடி எங்கன்னு மனசுல வச்சிருந்தவன் வீரணன் ஒருத்தன்தான். அவன்மேலயா கை வைப்பீக?

5. நேத்து வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு அம்மாகிட்ட உத்தரவு கேட்டோம். வெள்ளை வந்துச்சு. பீடத்தைத் தள்ளி வைங்கன்னுட்டா. சத்தியத்தையும் நானே திருப்பி வாங்கிட்டேன். வார ஆடி வெள்ளி காலைல பொங்கல் வச்சு, பீடத்தை நாங்களே எடுத்து நாலடி தள்ளி வைப்போம். கடப்பாரையோட ஆளு அனுப்பாதீக.

6. ஆனா அந்த வால்வுல மொதல்ல கை வைக்கிறது வீரணனா இருக்கணும், உங்க வேலை உத்தரவோட. வேற யாரு வந்தாலும் பீடத்தைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருவேன். தெருப் பொம்பளைக அம்புட்டு பேரும் கூட உக்காருவாக. போலீஸைக் கூப்பிட்டாலும் சரி.

ஆகவே ஐயா அவர்கள் வெள்ளிக்கு முன்னால வீரணனுக்கு உத்தரவு கொடுத்துரணும். யாரையாவது தண்டிச்சே தீரணும்னா என் பேரை எழுதிக்கோங்க. நான் எங்கயும் ஓடிப் போகல.

இடம்: மேலச்சோலைக்குளம்
நாள்: 5.8.1997

இப்படிக்கு,
பேச்சியம்மன் சாட்சியாக,
ச. ஆவுடையம்மாள்