இருபத்து நான்காவது பெயர்

வெள்ளிக்கிழமை, முற்பகல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படம் வந்து சேர்ந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முன்வரிசை சரிஞ்சிருச்சு, பின்வரிசை தாக்குப்பிடிக்குது" என்றார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கோ பேச ஆரம்பித்தால் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகிறது. அதனால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்துவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான பராமரிப்பு இல்லம் கட்ட நம் சங்கம் கேட்ட மானியத்தை அரசாங்கம் கொடுத்துவிட்டது. கட்டடச் செலவில் முக்கால் பங்கு அவர்களுடையது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் சும்மா கிடந்த சங்கத்து நிலத்தில் இருபத்து நான்கு கட்டில்களோடு இல்லம் வரப்போகிறது. ஸ்டோர் அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பட்டாளத்துக் கிடங்கில் முப்பது வருஷம் சாமான் எண்ணியவர், சங்கத்துக்குச் செயலாளராக வந்த பிறகும் எதற்கும் மூன்று நகல் எடுப்பவர். முதல் தடவை நம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து வந்த கடிதத்துக்கே மூன்று நகல் எடுத்தார். அப்படிப்பட்டவர், இந்தக் கடிதத்தை நகல் எடுக்காமலே நேராக இங்கே கொண்டுவந்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

அந்தத் தள்ளுபடியைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. படிவத்தில் பதினான்காவது கேள்வி ஒன்று உண்டு. வீட்டிலேயே கவனித்துக்கொள்ள முடியாத நிலை ஏன் என்று விளக்கச் சொல்லும் கேள்வி. பள்ளிக்கூட ஆபீசில் அத்தனை வருஷம் தட்டச்சு செய்தவள் என்று சங்கத்தில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நானும் நாட்டுக்கு உழைத்தவர்கள், நன்றிக்கடன், சமுதாயப் பொறுப்பு என்று அழகழகாக இரண்டு பக்கம் எழுதினேன். "தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள்.

ஸ்டோர் அண்ணன்தான் அதைப் படித்துவிட்டுச் சொன்னார். "தங்கச்சி, இது மேடையில படிக்கிற பேச்சு. ஆபீசர் கேட்டது உங்க வீட்டைப் பத்தி. வீட்ல என்ன நடக்குதுன்னு எழுதுங்க." எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. என் வீட்டைப் பற்றி நான் யாரிடம் எதைச் சொன்னேன்? உன்னிடமே சொல்லவில்லையே.

போன டிசம்பரில் திரைச்சீலை மாட்டும்போது தோள் பிசகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்ப்பா. காலையில் அப்பாவைக் குளியலறையில் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது என் கை நழுவிவிட்டது. அவர் விழுந்தார், அவர் மேல் நான் விழுந்தேன். தோளில் ஏதோ சொடக்கு விட்டது போல இருந்தது, அதோடு கையைத் தூக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தோம். அப்பா சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில், "ரெண்டு பேரும் இப்படிப் படுத்துட்டா யாரும்மா கதவத் திறக்கிறது?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்து பின்கதவின் தாழ்ப்பாளை உடைத்தார். அவரிடமும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை அதைத்தான் எழுதினேன். காலை நாலே முக்காலுக்கு எழுவதிலிருந்து ராத்திரி இரண்டு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது வரை ஒரு நாளை அப்படியே எழுதினேன். அவர் எடை எழுபத்தெட்டு கிலோ, என் எடை நாற்பத்தொன்பது, எனக்கு வயது அறுபத்தாறு, ஒரு நாளைக்குப் பதினோரு தடவை தூக்குகிறேன் என்று எழுதினேன். "எனக்கு அன்புக்குக் குறைவில்லை. தோளில்தான் வலு இல்லை" என்று முடித்தேன். எழுதிய தாளை அப்பா கண்ணில் படாமல் ஸ்டோர் அண்ணனிடம் கொடுத்தேன். திருடியதைக் கைமாற்றுவது போல இருந்தது.

அப்பாவுக்கு இல்லம் என்ற பேச்சே அப்போது ஆகாது. "மத்தவங்களுக்குக் கட்டுங்க, நல்ல காரியம். என்னை இழுக்காதீங்க" என்பார். ஆனால் ஒரு நாள் ஸ்டோர் அண்ணன் கட்டட வரைபடத்தை நம் வீட்டு மேஜையில் விரித்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் அப்பா அதன் மேல் பென்சிலோடு குனிந்திருந்தார். பட்டாளத்தில் பாலம் கட்டியவர் அல்லவா, தப்பான கோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? "யோவ் ஸ்டோரு, எவன்யா இந்தச் சாய்வுப் பாதையைப் போட்டது? மூணு அடி உயரத்துக்கு ஒன்பது அடி நீளமா? இதுல இறங்குறவன் நேரா ரோட்ல போய் பஸ் முன்னாடிதான் நிப்பான்!" என்று சத்தம் போட்டார். அடிக்குப் பன்னிரண்டு அடி என்று கணக்குப் போட்டு, பாதையை மடக்கி இரண்டாக வரைந்தார். குளியலறைக் கதவை அகலமாக்கினார். சுவரில் பிடிமானக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று தன் கையை நீட்டி என்னை அளக்கச் சொன்னார். நான்கு நாள் வீட்டில் டேப்பும் அழிப்பானும்தான். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு வேலை செய்து நான் அவரைப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்தாய். நான் வாய் தவறி இல்லத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "கட்டின புருஷனைக் கொண்டுபோய் விடறதுக்கு நீங்களே கட்டடமும் கட்டுறீங்களா?" என்று கேட்டாய். அதோடு ஒன்பது வாரமாக என்னோடு பேசவில்லை. போன் செய்தால் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் உன்னைக் குறை சொல்ல வரவில்லை. தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் இரண்டு பங்கு. அது கோபமாக வெளியே வந்தது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஆய்வுக்கு அதிகாரி அம்மா வந்தார். நிலத்தைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் வீடுகளில் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். ஸ்டோர் அண்ணன் அவரை இங்கே அழைத்துவந்துவிட்டார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வரைபடத்தோடு தயாராக இருந்தார். அவர் பேச நினைத்தது சாய்வுப் பாதையைப் பற்றி. அதிகாரியோ கோப்பைத் திறந்து, "பதினாலாவது கேள்விக்கு எழுதினது நீங்கதானேம்மா? இதெல்லாம் சரிதானான்னு ஒருதடவை பாத்துக்கலாம்" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

என்னால் தடுக்க முடியவில்லை. எழுபத்தெட்டு கிலோ, நாற்பத்தொன்பது கிலோ, ஈரத் தரை, தோள் எல்லாம் அப்பா முன்னாலேயே வந்தது. ஸ்டோர் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்து முடித்ததும் அப்பா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பதினொண்ணா? நான் ஏழுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பார்.

அப்புறம் அவர் பயனாளிகள் பட்டியலைக் கேட்டார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டே வந்தார். "ஸ்டோரு, இருபத்தி நாலு கட்டில், பேரு இருபத்தி மூணுதான் இருக்கு. எண்ணத் தெரியாதவனாய்யா நீ?" என்றார். ஸ்டோர் அண்ணனுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. அந்தக் கடைசி வரியை அவர் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் வெறுமனே விட்டுவைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். வலது கை வராததால் அப்பா இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரையும் படை எண்ணையும் எழுதினார்.

அதிகாரி அம்மா நல்லவர். "ஐயா, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?" என்று முறைப்படி கேட்டார். "என்னைக் கட்டாயப்படுத்த இவளால முடியும்னா, நான் சிகரெட்டை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே விட்டிருப்பேனே" என்றார் அப்பா. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பும்போது, தான் பார்த்த வரைபடங்களிலேயே சக்கர நாற்காலி உண்மையாக உள்ளே நுழைகிற குளியலறை இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டிப்போ இங்கிருந்து ஏழு நிமிஷ நடை. நீ தினமும் வா. ஆனா நர்ஸா வராதே. பொண்டாட்டியா வா. வந்து உக்காந்து சண்டை போடு" என்றார். நாங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்து சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவே வரவில்லை. எங்கள் பேச்செல்லாம் திரும்புங்க, பிடிச்சுக்குங்க, வலிக்குதா என்பதோடு முடிந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது.

இல்லம் எழும்பப் பதினான்கு மாதம் ஆகுமாம். அதுவரை எப்படி என்று நீ கவலைப்படாதே. அந்தத் தாளை முன்பே படித்திருந்தாலும், சத்தமாகப் படிக்கக் கேட்டதில் ஸ்டோர் அண்ணனுக்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது. "இத்தனை நாள் உங்க வீட்ல டீ குடிச்சிட்டுப் போயிருக்கேன், இது என் கண்ணுல படலையே" என்றார். இப்போது சங்கத்திலிருந்து தினமும் இரண்டு பேர் முறை போட்டு வருகிறார்கள். காலையிலும் மாலையிலும் அவரைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. டாக்டர் என் தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். கை இப்போது காது வரை போகிறது.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைப் பார்த்துவிட்டு, மத்தியானம் நாற்காலியில் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. பதறி எழுந்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்பா வானொலியை அணைத்துவிட்டு, சங்கத்து ஆட்களிடம் வாயில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அழவில்லை, நம்பு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே ஜன்னலோரம் நின்றேன். அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த மாதக் கடைசியில் அடிக்கல் நாட்டுகிறார்கள். பணம் ஏதும் அனுப்பாதே, அது சங்கத்தின் பாடு. அப்பா உன்னை வரச்சொல்லிக் கேட்க மாட்டார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும். அதனால் நான் கேட்கிறேன். லீவு கிடைத்தால் வா. நான் செய்தது சரியா என்று உன் கண்ணாலேயே பார். தப்பு என்று தோன்றினால் என் முகத்துக்கு நேராகச் சொல், கேட்டுக்கொள்கிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் காத்திருக்காதே, கண்ணா. கோபத்தோடேயே வா.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா