முட்டைக்கு ஈடாக இரண்டு பல் பூண்டு: என் அட்டவணையை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
பண்டக எழுத்தர்,
சமையற்கூடப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்
தலைமை மருத்துவ அலுவலர் அம்மையார் அவர்கள்,
அதே மருத்துவமனை, முதல் மாடி.

பொருள்: ஆண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் காலை முட்டை நிறுத்தப்பட்டு, ஈடாக இரண்டு பல் வேகவைத்த பூண்டு வழங்கப்படுவது – அதற்கு ஆதாரமான அட்டவணை பிழையானது – பிழை செய்தவர் மீது புகார் – பிழை செய்தவர் நானே – முட்டையை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நிர்வாக அலுவலரின் சுற்றறிக்கை, இம்மாதம் 3ஆம் தேதியிட்டது.
2. பண்டக அறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்த அட்டை (சோப்புப் பெட்டியின் உட்புறம்).

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மருத்துவமனையின் பண்டக அறையில் பதினாறு ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். இதுநாள்வரை எவர் மீதும் புகார் கொடுத்ததில்லை. முதன்முதலாகக் கொடுக்கும் புகாரை என் மீதே கொடுக்க நேர்ந்திருப்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

2. ஏழு ஆண்டுகளாகத் தினமும் காலையில் நான்கு பல் பச்சைப் பூண்டு மென்று தின்பது என் வழக்கம். வாயுத் தொல்லைக்காகத் தொடங்கியது. என் தொல்லை தீர்ந்ததா என்பது விவாதத்திற்குரியது; பிறருடைய தொல்லை தொடங்கியது என்பதில் விவாதமில்லை. அலுவலகத்தில் என்னைப் "பூண்டார்" என்று அழைக்கிறார்கள். 'ஆர்' சேர்ந்திருப்பதால் அதை மரியாதை என்றே முதல் இரண்டு ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

3. சென்ற மாதம் ஒருநாள், தலைமைச் சமையற்காரர் எல்லோர் முன்னிலையிலும், "பூண்டாரே, தினம் ஒரு முட்டை சாப்பிட்டிருந்தா உங்க உடம்புல ஒட்டியிருக்கும். நீங்க தின்னதெல்லாம் எங்க மூக்குலதான் ஒட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜலதோஷத்தால் ஒரு வாரமாக எந்த வாசனையும் தெரியாதிருந்த பாத்திரம் துலக்கும் அம்மாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

4. அன்று மதியமே பண்டக அறை அலமாரியிலிருந்த ஒரு பழைய ஊட்டச்சத்து நூலை எடுத்து, சோப்புப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உட்புறத்தில் அட்டவணை ஒன்று தயாரித்தேன். தலைப்பு: "முட்டையா? பூண்டா? தீர்ப்பு உங்கள் கையில்!" தீர்ப்பையும் கீழேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன். நூறு கிராம் முட்டையையும் நூறு கிராம் பூண்டையும் ஒப்பிட்டு, சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம், மாங்கனீசு, நார்ச்சத்து, வைட்டமின் சி என ஐந்து வரிகள். ஐந்திலும் பூண்டு வெற்றி. புரதம் என்ற வரி நூலின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அதில் முட்டை பூண்டைப் போல் இரு மடங்கு. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான்; ஆனால் பார்த்தேன். அட்டையில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு விரற்கடை இடம் இருந்தது. அதில் ஒரு பூண்டுப் படம் வரைந்தேன்.

5. உணவியல் நிபுணர் பணியிடம் காலியாக உள்ள இவ்வேளையில், நிர்வாக அலுவலர் அவ்வழியே வந்தார். முட்டை ஓடு அடைத்துக்கொண்டு வார்டின் கழிவுநீர்க் குழாய் மூன்றாவது முறையாகப் பொங்கியிருந்த நாள் அது. என் அட்டையை நின்று படித்தார். "இதுக்கு ஓடு கிடையாதுல்ல?" என்று கேட்டார். "தோல்தான் சார், காத்துல பறந்துடும்" என்றேன். எவரும் என்னிடம் யோசனை கேட்டறியாததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது: ஒரு மாதச் சோதனை முயற்சியாக, ஆண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவின் இருபத்துநான்கு படுக்கைகளுக்கும் முட்டைக்குப் பதில் பூண்டு. "ஆய்வு: பண்டக எழுத்தர்" என்று அச்சாகியிருந்தது. நிர்வாக அலுவலர் மீது எனக்கு எக்குறையும் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் எழுதியது என்று அவர் நம்பினார், அவ்வளவே.

6. சுற்றறிக்கையின் நகலை வீட்டிற்கு எடுத்துச் சென்று மனைவியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "ஏங்க, வயித்தக் கிழிச்சுத் தைச்சுப் படுத்திருக்கவனுக்கு ரெண்டு பல்லு பூண்டு போதும்னா எழுதினீங்க?" என்று கேட்டார். "நூறு கிராம் கணக்கும்மா அது" என்றேன். "ரெண்டு பல்லு நூறு கிராமா?" என்றார். கை கழுவ எழுந்து போய்விட்டேன். அப்போது நான் சாப்பிடவே ஆரம்பித்திருக்கவில்லை.

7. 9ஆம் தேதி தட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க மேற்படி வார்டிற்குச் சென்றேன். பதினான்காம் படுக்கையில் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, தொடையில் அறுவை செய்யப்பட்டு, வலது கையில் மாவுக்கட்டு. வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர். பார்க்க வர ஒருவரும் இல்லை. மற்றப் படுக்கைகளுக்கு மைத்துனரோ மகளோ வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்துவிடுகிறார்கள். இவருக்கு நாம் தருவதுதான். தட்டில் இரண்டு பல் பூண்டும் அப்படியே இருந்தன. என்னை ஏதோ பெரிய அலுவலர் என்று எண்ணிவிட்டார் போலும். குரலைத் தாழ்த்தி, "சார், நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா? புண்ணுக்குக் கட்டு மாத்தும்போது வலி தாங்காம சிஸ்டரத் திட்டிட்டேன். அதுக்காகத்தான் முட்டைய நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

8. அம்மையீர், அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "தட்டு இருபத்துநாலும் சரியா இருக்கு." சொல்லிவிட்டு வெளியேறினேன். அவருடைய புண் மூடத் தாமதமாகிறது, புரதம் போதவில்லை என்று மருத்துவர் குறித்திருப்பதை போகிறபோக்கில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் படித்தேன். அன்று நான் படித்த அட்டைகளில் நேர்மையானது அது ஒன்றுதான்.

9. மறுநாள் பண்டக அறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். வார்டில் தரப்படும் இரண்டு பல் பூண்டு ஏழு கிராம். அதில் புரதம் அரை கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம். எந்தச் சுண்ணாம்புச் சத்தில் பூண்டு முட்டையை மண்ணைக் கவ்வ வைத்தது என்று எழுதினேனோ, அதிலும் ஒரு முட்டைக்கு இந்த இரண்டு பல் பாதி அளவுகூட இல்லை. முட்டையின் புரதத்தைப் பூண்டிலேயே பெற வேண்டுமானால் ஒருவர் ஒரே வேளையில் ஏறத்தாழ முப்பது பல் தின்ன வேண்டும். இது சாத்தியமா என்று அறிய, மதிய இடைவேளையில் வேகவைத்த பூண்டுடன் நானே அமர்ந்தேன். பதினொன்றாம் பல்லில் கண்ணில் நீர் வந்தது. பதினான்கில் சோதனையைக் கைவிட்டேன். பிற்பகலில் எங்கள் பிரிவின் மேசை மின்விசிறிகள் மூன்றும் என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டன. என் கோப்புகள் பறந்தன. அவற்றைப் பொறுக்கித் தர ஒருவரும் அருகில் வரவில்லை.

10. உடனே நிர்வாக அலுவலரைச் சந்தித்து, அட்டவணை தவறு என்று கூறினேன். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "நீங்க சொன்னதுக்காக ஆரம்பிச்சேன். நீங்க சொன்னதுக்காகவே நிறுத்தினா என்னை என்ன நினைப்பாங்க? எழுத்துல குடுங்க, மேலிடத்துக்குக் குடுங்க" என்றார். அவர் கூறியது நியாயமே. ஆயினும் என் மானத்தை எழுத்தில் கொடுக்க எனக்கு எட்டு நாட்கள் பிடித்தன.

11. அந்த எட்டு நாட்களும் வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் மீறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி அவித்துத் தந்த முட்டையை டிபன் பெட்டியில் ஒளித்துவந்து, ஒவ்வொரு நாளும் கொத்தனாருக்குக் கொடுத்தேன். "எல்லாருக்கும் வந்துதா சார்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தேன். நான்காம் நாள் பிடிபட்டேன். பிடித்தவர் யார் என்று இம்மனுவில் கூறுவதற்கில்லை. வெள்ளைச் சீருடை அணிந்தவர்கள் இங்கே அநேகம் பேர். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். "நாளையிலேர்ந்து ரெண்டா கொண்டு வாங்க. பதினேழாம் படுக்கைக்கும் யாரும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, மாத்திரைத் தள்ளுவண்டியுடன் போய்விட்டார். இரண்டாகக் கொண்டுவந்தேன்.

12. இன்று காலை, இனி ஜன்னலில் பார்க்க எதுவுமில்லை என்ற நிலையில், கொத்தனாரிடம் முழுவதையும் கூறினேன். கதவு, அட்டை, சிவப்பு மை, சமையற்காரர் சிரித்தது, எல்லாம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவரோ, "அப்ப சிஸ்டருக்கு என் மேல கோவம் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். உடனே சிஸ்டரைக் கூப்பிட்டு, திட்டியதற்காக மன்னிப்புக் கேட்டார். சிஸ்டருக்கோ அவர் திட்டியது நினைவிலேயே இல்லை. "கட்டு மாத்தும்போது திட்டாதவங்க யாருப்பா இருக்காங்க?" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனார். பதினைந்து நாட்களாக ஒரு மனிதர் எவருக்கும் நினைவில்லாத குற்றத்திற்குத் தண்டனை அனுபவிப்பதாக எண்ணிக் கிடந்திருக்கிறார். முட்டையைவிட அதுதான் என்னைச் சுடுகிறது.

13. இம்மனுவில் தாமும் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டு, இடது கைப் பெருவிரல் ரேகை பதித்துள்ளார். விஷயம் பரவி, எழுந்து உட்கார முடிந்த மற்றப் பத்தொன்பது பேரும் பின்பக்கத்தில் ஒப்பமிட்டுள்ளனர். "பூண்ட ஒரேயடியா நிறுத்திடாதீங்க, சமையல்ல போடுங்க, பாவம் அது என்ன பண்ணுச்சு" என்பது பதினேழாம் படுக்கைக்காரரின் வேண்டுகோள். அதையும் சேர்த்துக்கொள்ளக் கோருகிறேன்.

ஆகவே, பார்வை ஒன்றில் கண்ட சுற்றறிக்கையை ரத்து செய்து முட்டையை மீண்டும் வழங்கவும், ஓடுகளைத் தனி வாளியில் சேகரிக்கும் பொறுப்பை எனக்கே அளிக்கவும், முட்டை நின்றது எந்த நோயாளியின் தவறாலும் அல்ல என்பதை வார்டில் உரக்க அறிவிக்கச் செய்யவும் வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். தண்டனையாகப் பூண்டு மட்டும் வேண்டாம்.

நாளை காலை ஏழு மணிக்கு வார்டில் தட்டு வைப்பார்கள். அதற்குள் தங்கள் உத்தரவு கீழே வந்துவிட்டால் போதும். முதல் மாடியிலிருந்து பதினெட்டுப் படிகள்தான், எண்ணிக்கொண்டே ஏறிவந்தேன். எடுத்துச் செல்ல ஆள் தேட வேண்டியதில்லை. தங்கள் அறைக்கு வெளியே, பெஞ்சின் கடைசியில், காற்று வெளியே போகும் பக்கமாகப் பார்த்து அமர்ந்திருக்கிறேன்.

இடம்: முதல் மாடித் தாழ்வாரம்
நாள்: இம்மாதம் 18, முற்பகல்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பண்டக எழுத்தர்

இணைப்பு: சோப்புப் பெட்டி அட்டை ஒன்று. விடுபட்ட புரத வரி, பூண்டுப் படத்தின் மேல் இன்று எழுதப்பட்டுள்ளது.