மேரி வாங்கிக் கொடுத்த பாய்

கவரைப்பேட்டை
8.2.2026, ஞாயிறு

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னைத்தான் கேட்க வேண்டும், ஆனால் இப்போதெல்லாம் அதை வேறொருத்தர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன், அது யாரென்று உனக்கே தெரியும். போன் போட்டால் நீ நாலு தடவை "சரிம்மா" சொல்லிவிட்டு ரைஃபிள் சுடப் பழகுகிற ரேஞ்சுக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய், எனக்கும் பாதிப் பேச்சிலேயே கோபம் வந்து சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன், அதனால்தான் இன்றைக்கு லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் விட்டுவிடாமல் கடைசி வரை படி.

நம் நிலத்தில் அறுவடை முடிந்தது. கால்வாய் ஓரத்து மடக்கு நிலத்தில் ஈரம் காயாமல் அறுப்பு மெஷின் சக்கரம் இறங்கிக்கொண்டது, டிராக்டர் வைத்து இழுத்தார்கள், அன்று முழுக்க உன் நைனா சேற்றில் நின்று முட்டி வலி என்று இரண்டு நாள் படுத்துவிட்டார். மூட்டை தூக்க வந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு புனேல ரைஃபிள் சுட்டுக்கினு கீது, இருபதாம் தேதி பெரிய செலக்‌ஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் என்ன குறைச்சலா, கம்பெனி பஸ்ஸில் ஏறினால் டிரைவரிலிருந்து கடைசி சீட் வரைக்கும் நான் சொல்லியாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வராமல் ஒரு போட்டோ அனுப்பினாயே, நீ குப்புறப் படுத்து ரைஃபிளைத் தோளில் வைத்துக் குறி பார்க்கிற போட்டோ, கீழே புதிதாக ஒரு நீலப் பாய். நீ அதை மேட் என்கிறாய், எனக்குப் பாய்தான். அடியில் "மேரிம்மா வாங்கிக் கொடுத்தது" என்று எழுதி இரண்டு இதயம் வேறு போட்டிருந்தாய். அதற்கு முந்தின மாதம் வரை அவள் உனக்கு நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார ஆன்ட்டி, இப்போது மேரிம்மா. நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் ஹேமா. நான் தைத்துக் கொடுத்த சிவப்புப் பாய் எங்கே என்று தேடினேன். ஓரத்தில் சுவரோடு மடித்துப் போட்டு அதன்மேல் தண்ணீர் கேன் வைத்திருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் நைனா என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பல் வலி என்று சொன்னேன்.

எனக்குப் பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்கப் போவதில்லை. பதினெட்டு வருஷமாக சிப்காட்டில் கார் சீட் தைக்கிறேன், நான் தைத்த சீட்டில் யார் யாரோ உட்கார்ந்து எந்தெந்த ஊருக்கோ போகிறார்கள், என் பெண் படுக்கிற பாயை மட்டும் வேறொருத்தி வாங்கித் தருவாளா என்று மனசு கொதித்தது. அதோடு அவள் ஒரு காலத்தில் ரைஃபிள் சுட்டவளாம், உன்னோடு ரேஞ்சுக்கு வருவாளாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உனக்குச் சொல்வாளாம். நான் கேட்டால் "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்கிறாய். கட்டிங் செக்‌ஷன் ஜோதிலட்சுமியிடம் போட்டோவைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு "இன்னாக்கா இது, ஒரு டிசைனும் இல்ல, வழவழன்னு கீது, நீ தெச்சா இதவிட சோக்கா இருக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு. சூப்பர்வைசர் சடையப்பன் சாரிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு, கழித்த ஃபோமும் ரெக்சினும் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தேன். மேரியின் பாயைவிட இரண்டு மடங்கு கனம், ஃபோம் இரட்டை அடுக்கு, சுற்றிலும் ஓரத்தில் உருட்டித் தைத்த பைப்பிங், மேலே ஒரு சாண் இடைவெளிக்குக் குறுக்குக் கோடு போட்டுத் தையல், பெரிய கார் சீட் கணக்காக. பார்த்தால் கண் எடுக்க முடியாது. செலக்‌ஷனுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று பேக் பண்ணக் கோணியும் எடுத்து வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த மேரி போன் செய்தாள். கோலார் தங்கவயல் தமிழ் அவளுக்கு, இழுத்து இழுத்துப் பேசுகிறாள். "அக்கா, ஹேமாவுக்கு இடது முழங்கை வீங்கி இருக்கு, சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகுது, டாக்டர் மூணு வாரம் குப்புறப் படுத்து சுடவே கூடாதுன்னு சொல்லிட்டார், நான் வேலைக்குப் போனதும் இவ திருட்டுத்தனமா ரேஞ்சுக்குப் போறா, நீங்க சொன்னா கேப்பா" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு வருஷமாக என்றாள். எதனால் என்று கேட்டதற்கு, பழைய மேட்டில் முழங்கை ஊன்றுகிற இடத்தில் ஒரு தையல் கோடு இருக்கிறது, அதிலேயே தினம் இரண்டு மணி நேரம் ஊன்றி நரம்பு நசுங்கியிருக்கிறது, அதனால்தான் வேறு வாங்கினேன் என்றாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. "என் தையல குறை சொல்ல நீ யாரு, அவள பெத்தது நானா நீயா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் முழங்கையைப் பற்றி அவள் சொன்னதை உன் நைனாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்தது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். பெற்ற பெண் கை மரத்துப்போய்க் கிடக்கிறாள், நான் யார் ஜெயித்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது சொல்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும், அவள் சொன்னது பொய் என்று எனக்கு நானே நிரூபிக்க நினைத்துப் புதுப் பாயை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். உன் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதேபோலக் குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, ரைஃபிளுக்குப் பதில் ஒட்டடைக்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டேன். கம்பு முனை எதிர்த்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது. பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்திருந்த கோவிந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு "இன்னா ஈஸ்வரி, மிலிட்டரில சேர்ந்துட்டியா, யாரடி சுடப் போற" என்று சிரித்தாள். மேரியை என்று வாய்வரைக்கும் வந்தது. படுத்ததும் முதலில் மெத்தென்று சுகமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் முழங்கை ஃபோமுக்குள் இறங்கிவிட்டது, மூச்சு விட்டால் கம்பு முனை தொட்டியை விட்டு மாமரத்துக்குப் போகிறது, மூச்சு இழுத்தால் திரும்ப வருகிறது, நிலையாக நிற்கவே இல்லை. வழுக்காமல் இருக்கக் கையை நகர்த்தி நகர்த்தி வைத்தேன், எங்கே வைத்தாலும் ஒரு கோட்டுத் தையல்மேல்தான் போய் நிற்கிறது. அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து பார்த்தால் முழங்கையில் சிவப்பாக ஒரு பள்ளம், சுண்டு விரலும் பக்கத்து விரலும் என்னுடையது மாதிரியே இல்லை. அப்படியே பாய்மேல் உட்கார்ந்து அழுதேன். கோவிந்தம்மா பயந்துபோய் என்ன என்று கேட்டாள், கால் பிடித்துக்கொண்டது என்றேன்.

சீட் தைக்கிறவள் புத்தி சீட்டைத் தாண்டவில்லை ஹேமா. சீட்டில் ஆள் உட்கார்ந்து சாய்வார், கனம் எல்லாப் பக்கமும் பரவும், அதற்கு மெத்தென்று இருக்க வேண்டும், கோடு போட்டால் அழகு. உனக்குக் கனமெல்லாம் ஒரே முழங்கையில் என்று என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்தச் சிவப்புப் பாயில் ஒரு வருஷம் படுத்தாய், ஒவ்வொரு ஞாயிறும் பாய் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன், சூப்பர்மா என்றாய். வலியை அவளிடம் சொன்னாய், சூப்பரை என்னிடம் சொன்னாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று நானே மேரிக்குப் போன் செய்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எனக்கு அது வராது, நல்ல பாய் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். அவளும் செவ்வாய்க்கிழமை பேச்சை எடுக்கவே இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கையால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், உள்ளே வாங்கிக்கொண்டே போகக் கூடாது என்றாள். முழங்கை, இடுப்பெலும்பு படுகிற இடத்தில் தையலே வரக் கூடாது, சட்டை வழுக்காமல் இருக்க முழங்கை இடத்தில் சொரசொரப்பு ரப்பர் வேண்டும், சிமென்ட் தரையில் நகராத மாதிரி அடிப்பக்கமும் பிடிக்க வேண்டும். கால் நுனி வரைக்கும் நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மழையில் நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும். கடையில் நின்று தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது, அரைமணி நேரம் படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னாள். படுத்துப் பார்த்தேன் என்றேன். ஒட்டடைக்கம்பு கதையைச் சொன்னதும் அவள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன், பிறகு ஏன் சிரித்தோம் என்று எரிச்சலாகவும் இருந்தது. போட்டியில் அதை நடத்துகிறவர்கள் போடுகிற பாயில்தான் எல்லாரும் படுக்க வேண்டுமாம், இதெல்லாம் பழகுவதற்கு மட்டும்தானாம், இது தெரியாமல் நான் செலக்‌ஷனுக்கே பாய் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாங்கியது நல்ல பாய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழங்கை ரப்பர் ஓரத்தில் ஒற்றைத் தையல் போட்டிருக்கிறார்கள், நூலும் சன்னம், ஆறு மாதத்தில் பிரிந்து வரும், போட்டோவிலேயே எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதத்தோடு சீட் தைக்கிற நைலான் நூல் ஒரு உருண்டையும் இரண்டு தடித்த ஊசியும் வைத்திருக்கிறேன். ரப்பரின் வெளி ஓரத்தோடு இன்னொரு வரி தைக்கச் சொல்லி மேரியிடம் கொடு, முடிச்சு அடிப்பக்கம் வரட்டும். நீ தைக்காதே, உன் கைக்கு இப்போது ஓய்வு. நான் தைத்த புதுப் பாயை அனுப்பவில்லை. உன் நைனா மோட்டார் கொட்டகையில் போட்டு மதியம் அதில்தான் படுக்கிறார், ரொம்ப சுகமாக இருக்கிறதாம்.

கடைசியாக ஒன்று. இருபதாம் தேதி நீ போகக் கூடாது. செலக்‌ஷன் அடுத்த வருஷமும் வரும், இல்லாவிட்டால் போகட்டும். பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னவள் நான், போகவில்லை என்று சொல்ல வேண்டியவளும் நான்தான், அந்த வெட்கம் என்னோடு போகட்டும். உன் நைனாவிடம் இன்று காலையில் எல்லாம் சொல்லிவிட்டேன். "கை இருந்தாத்தான் துப்பாக்கி, ஊட்டுக்கு வரச் சொல்லு" என்றார். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, மேரி சொல்கிறபடி இரு, டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போ. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் கையை மூடி வை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், உன் குறி தப்பாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இனிமேல் உனக்கு எங்கே வலித்தாலும் பக்கத்தில் இருக்கிற மேரியிடம் முதலில் சொல், எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, இருந்தாலும் சொல். இரண்டாவதாகவாவது என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
மோ. ஈஸ்வரி