சைக்கிள் சொன்ன சாட்சி

அன்பும் அறுவையும் கலந்த வால்நட்சத்திரத்துக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைச் சேர்த்துக்கொண்ட புதுப் பள்ளிக்கூடம் நலமா என்பதுதான் என் கவலை.

முதலில் தலைப்புச் செய்தி. சிசிடிவி மாட்டிக்கொண்டாள்! அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவில் நீ பள்ளி மணியை அடித்ததைப் போட்டுக்கொடுத்து, உனக்கு டி.சி. வாங்கித் தந்த அதே வகுப்புத் தலைவிதான். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் வேதியியல் லேபின் கண்ணாடி அலமாரியை யாரோ உடைத்துவிட்டார்கள். லேப் சாவி இவள் பொறுப்பு. தலைமையாசிரியை இவளுக்கும் டி.சி. எழுதத் தயாராகிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். உடைந்தது என்ன என்று கேட்பதற்கு முன்பே 'இவள்தான் உடைத்திருப்பாள்' என்று என் மனசு தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது.

மறுநாள் வகுப்பில் வைத்தே விசாரணை. சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு, சைக்கிள் ஷெட்டில் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள். "அப்போ எந்த சைக்கிள்மா உனக்குச் சாட்சி சொல்லும்?" என்று வேதியியல் டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும், கீழே விழாத பேனாவைக் குனிந்து தேட ஆரம்பித்தேன். ஏனென்றால் அந்த சைக்கிள் நான்தான்.

அவள் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிடத்தான் ஷெட்டுச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். மகராசி நகர்ந்தால்தானே! நாற்பது நிமிஷம், நாற்பது சைக்கிள்களுக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நான் கொசுக்களுக்கு ரத்ததானம் செய்துகொண்டிருந்தேன். அவளைப் பிடிக்காததால்தான் அவ்வளவு நேரம் கண் கொட்டாமல் பார்த்தேன். பிடித்தவளாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி விட்டுப் போயிருப்பேன்.

சும்மா இருந்தால் போதும், அவள் உனக்குச் செய்ததற்குக் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. எனக்கு ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை வேறு. ஆனால் அவளை நாம் எதற்காக வெறுத்தோம்? அலட்டிக்கொள்ளாமல் ஒருத்தியைப் பள்ளியை விட்டே துரத்தினாள் என்றுதானே? நான் வாயை மூடிக்கொண்டு அதையே செய்தால், வெறுப்பதற்கு இரண்டு பேர் ஆகிவிடுவோம். அதில் ஒருத்தியோடு நான் தினமும் ஒரே படுக்கையில் தூங்க வேண்டும்.

எழுந்து சொல்லிவிட்டேன். "நீ அங்க என்னடி பண்ணே?" என்று டீச்சர் கேட்டார். அதையும் சொன்னேன். பத்து நாள் சஸ்பெண்ட். அலமாரியை உடைத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. அவள் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நன்றி சொல்ல வந்தவளிடம், "உன்னை எனக்கு இப்பவும் பிடிக்காது, தள்ளிப் போ" என்றேன். சத்தியமாகப் பிடிக்கவில்லை.

வாய் திறந்ததுதான் திறந்தது, இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. மணிக் கயிற்றில் அன்று நான்கு கைகள் இருந்தன. அவள் கண்ணில் பட்டது நீ மட்டும். நீ என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை மாதம் அவளை அவ்வளவு மும்முரமாகத் திட்டியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவோடு மறுபடி போகிறேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பேசுவதில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும், விடமாட்டேன்.

நீ வருவாயா என்பதை மட்டும் எழுது. வரமாட்டேன் என்றால் அதற்கு முன்னால் ஒரு பக்கம் நிறையத் திட்டி எழுது. வெறும் தாளை மட்டும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் கூட்டுக் களவாணி